பழைய பேனாவுக்குப் புதுக் கழுத்து

(பசுவந்தனையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் தொழில் கடைசல். கோவில்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மில்லிலும் தீப்பெட்டி ஆபீசிலும் கிணற்று மோட்டாரிலும் தேய்ந்துபோன சாமான்களை அளவெடுத்து, அதே அளவில் மாற்றுச் சாமான் கடைந்து கொடுப்பது பகல் வேலை. பொழுது சாய்ந்த பிறகு அதே லேத்தில் பழைய மைப்பேனாக்களுக்குப் பாகம் கடைகிறேன். கழுத்து, மூடி, நாக்கு, மூடிக்குள் இருக்கும் உள்மூடி, கிளிப்பைப் பிடித்து நிற்கும் திருகு என்று எது உடைந்து வருகிறதோ அதைச் செய்கிறேன். இந்த வேலையை ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும் என்று கேட்டார்கள். இதற்கு வேண்டிய கைகள் நம் கரிசல் பூமியிலேயே இருக்கின்றன என்று உறுதியாக நம்புகிறவன் நான். அதனால் கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன்.

மைப்பேனாவில் எழுதிப் பழகாத பிள்ளைகளுக்காக முதலில் பாகங்களைச் சொல்லிவிடுகிறேன். எழுதுகிற உலோக முனை நிப்பு. அதன் அடியில் ஒட்டிப் படுத்திருப்பது நாக்கு. மை இதன் வழியாகத்தான் நிப்புக்கு வருகிறது. இவை இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பது கழுத்து. நம் விரல்கள் பிடிக்கும் இடமும் அதுதான். அதற்குப் பின்னால் மை நிற்கும் உடம்பு, மேலே மூடி. மை இறங்க வேண்டுமானால் இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே ஏற வேண்டும். நாக்கில் மெல்லிய கீறல்களை வெட்டி மைக்கும் காற்றுக்கும் வழி பிரித்துக் கொடுத்து, 1884இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் பேனாவின் உயிர் அந்தக் கீறலில்தான் இருக்கிறது.

பழைய பேனாவோடு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா அண்ணாச்சி?” கிடைக்காது. செய்த கம்பெனி மூடிப்போனது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. அந்தக் கம்பெனி இன்றும் திறந்திருந்து, பழைய வரைபடத்தை எடுத்து, அதே அளவில் ஒரு பாகம் செய்து அனுப்பினாலும் பெரும்பாலும் பொருந்தாது. 1924இல் ஷேஃபர் கம்பெனி செல்லுலாய்டில் பேனா செய்யத் தொடங்கியது. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. செல்லுலாய்டு என்பது பருத்தி நாரை அமிலத்தில் பக்குவப்படுத்தி, கற்பூரம் சேர்த்துப் பிசைந்த பொருள். அந்தக் கற்பூரம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகிப் போகிறது. போகப் போக உடம்பு சுருங்குகிறது. சுருங்கிய உடம்புக்குள் பழைய அளவுக் கழுத்தைத் திருகினால் விரிசல் விழும். நம் நாட்டுக் கைவேலைப் பேனாக்களின் கதை வேறு. அவற்றில் ஒவ்வொரு மூடியும் அதனதன் உடம்புக்கென்று திருகு மரை வெட்டப்பட்டது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேனாக்களின் மூடியை மாற்றிப் போட்டால் ஒன்று இறுகும், மற்றது ஆடும்.

ஆகவே பாகம் செய்கிறவன் அளவை அந்தப் பேனாவிடமே கேட்டு வாங்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். வெட்டுவது சிறிய வேலை, அளப்பதுதான் பெரிய வேலை.

நம் நாட்டில் பேனாத் தொழில் எப்படி வேர் பிடித்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுதேசி எண்ணம் பிற்பாடு பேனாவுக்கும் வந்தது. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் என்பவர் 1930களின் தொடக்கத்தில் பேனா செய்யத் தொடங்கி, காந்திக்கு ஒன்று அனுப்பினார். காந்தி அதில் எழுதிப் பார்த்துவிட்டு 1935இல் வார்தாவிலிருந்து பாராட்டிக் கடிதம் எழுதினார். சென்னைப் பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ என்ற கடை 1920களிலிருந்து பேனா விற்கிறது. திருவள்ளூரில் எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனாவை அவர் குடும்பத்தார் இன்றும் எபொனைட் என்ற கெட்டி ரப்பர்க் கட்டையிலிருந்து கையால் கடைந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பேனா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. உள்ளூர்ப் பேனா பெருகியது. பைலட் பேனா சென்னையிலேயே உற்பத்தியானது. இடைசெவல்காரர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுத வந்த காலம் முழுக்க முழுக்க மைப்பேனாக் காலம்.

அந்தக் காலத்துப் பேனாக்களுக்கு நிப்பு எங்கேயிருந்து போயிற்று? இதை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துச் சாத்தூரிலிருந்து ஏராளமாகப் போயிற்று. சாத்தூர் என்றால் இன்றைக்குச் சேவும் வெள்ளரிப் பிஞ்சும் சொல்கிறோம். ஒரு தலைமுறைக்கு முன்னால் சாத்தூர் என்றால் நிப்பு. பெரிய ஆலை என்று இல்லை. தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன நிப்புக் கம்பெனிகள், வீட்டையொட்டிய பட்டறைகள். நிப்பு எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். மெல்லிய எஃகுத் தகட்டு நாடாவைக் கைப்பிரஸ்ஸில் வைத்து, இலை வடிவத்தில் வெட்டி எடுக்க வேண்டும். நடுவில் காற்றுத் துளை குத்த வேண்டும். பேர் அச்சடிக்க வேண்டும். அதுவரை தட்டையாக இருக்கும் தகட்டை இன்னொரு அச்சில் வைத்து அழுத்தி வளைக்க வேண்டும். பிறகுதான் கடினமான வேலை: முனையிலிருந்து காற்றுத் துளை வரை நட்டநடுவாகப் பிளவு போடுவது. காகிதத் தடிமனுள்ள சாணைத் தட்டில் நிப்பைக் காட்டி, கண்ணளவில் நடு பார்த்து, ஒரே இழுப்பில் பிளக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலிந்து, எழுதும்போது காகிதத்தைக் கீறும். கடைசியில் முனையை மழுக்கி மெருகேற்ற வேண்டும்.

பால்பாயிண்ட் பேனா வந்ததும் இந்தத் தொழில் சுருங்கியது. பள்ளிக்கூடங்களில் மைப்பேனாதான் வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. 1980களில் ரெனால்ட்ஸ் பேனா பிள்ளைகள் பையில் எல்லாம் ஏறியது. நிப்பு செய்த கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. எனக்கு இது பெரிய வருத்தம். நிப்பு அறிந்த சாத்தூரும் மரை அறிந்த கோவில்பட்டியும் ரயிலில் கொஞ்ச நேரப் பயணம். எங்கள் லேத் பட்டறைக்காரர்களும் அவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால், உலகத்தில் எந்தப் பழைய பேனா உடைந்தாலும் இங்கேதான் வந்திருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை என்பது என் எண்ணம். அந்த வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, ஒரு பேனாவை எடுத்து முழுசாகச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கருப்பு எபொனைட் பேனா ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். மையை ஃபில்லரால் நேராக உடம்புக்குள் ஊற்றுகிற பழைய வகை. கழுத்து மரை தொடங்கும் இடத்தில் ஒடிந்து, மரைப் பகுதி உடம்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் யாரோ உடனடிப் பசை போட்டு ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். “தம்பி, பார்வைக்குப் புதுசா இருக்கணும்னு இல்ல, எழுதினாப் போதும்” என்றார்.

முதல் வேலை, சிக்கியதை எடுப்பது. இடுக்கியால் பிடித்துத் திருகினால் உடம்பின் வாய் வெடிக்கும். உடம்பை லேத்தில் மெதுவாகப் பிடித்து, சுற்றிலும் காகிதமோ துணியோ வைத்து, சிக்கிய துண்டின் நடுவே சிறிய துளையிட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்த வேண்டும். மரையின் அடிவேர் தெரிகிற அளவுக்குத் துண்டு மெலிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வளைந்த ஊசியால் ஓர் ஓரத்தைக் கிளப்பினால், மிச்சமிருக்கும் மரை சுருளாக உரிந்து வந்துவிடும். உடம்பின் மரைக்கு ஒரு கீறலும் விழாது. அவசரப்பட்டால் பேனா போய்விடும்.

அடுத்து அளவு. உள்மரையை வெர்னியர் வைத்து அளக்க முடியாது. பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் சிலிக்கானை உள்ளே நிரப்பி, இறுகியதும் திருகியே வெளியே எடுத்தால் உள்மரையின் அச்சு கையில் வந்துவிடும். அதன் மேல் மரை கேஜை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பேனாவில் அங்குலத்துக்கு 32 மரை. ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.79 மில்லிமீட்டர். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற, மரை வெட்டும் டேப், டை எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, 0.8 இருக்கிறது. 0.79க்கும் 0.8க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். முதல் இரண்டு மூன்று சுற்று ஏறிவிடும். பத்து மரைக்குள் வித்தியாசம் 0.06 மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும், இறுகும். இறுகியதை வலுவாகத் திருகுகிறவர் நூறு வயசை நெருங்குகிற எபொனைட்டை வெடிக்க வைப்பார். ஆகவே கடைச் சாமான் உதவாது. லேத்திலேயே மரை வெட்ட வேண்டும். எங்கள் லேத்தில் உளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. 32 வேண்டுமானால் விகிதம் எட்டில் ஒன்று. 20 பல், 80 பல், 40 பல், 80 பல் என்று சக்கரங்களை மாட்டினால் சரியாக வரும். பழைய அங்குல லேத்தை இரும்புக்கு எடை போடுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்தக் காலத்துப் பேனாவும் அந்த லேத்தும் ஒரே பாஷை பேசுகின்றன.

மூடி மரை இதைவிடச் சிக்கலானது. நல்ல பேனாவின் மூடி ஒன்றரைச் சுற்றில் கழன்றுவிடும். அங்குலத்துக்கு 36 மரை உள்ள மூடி மூன்று மில்லிமீட்டர் ஆழம் ஏறுவதற்கு நாலு சுற்றுக்கு மேல் ஆக வேண்டுமே, எப்படி ஒன்றரையில் முடிகிறது? மரை ஒன்றில்லை, பக்கத்தில் பக்கத்தில் மூன்று மரைகள் ஓடுகின்றன. மூன்று ஸ்டார்ட் என்போம். ஒரு சுற்றுக்கு 0.7 மில்லிமீட்டர் நகர வேண்டியது 2.1 மில்லிமீட்டர் நகர்கிறது. இதை வெட்டும்போது ஒரு மரையை முடித்துவிட்டு, சாமானை வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு திருப்பி இரண்டாவதை வெட்ட வேண்டும்; மறுபடி திருப்பி மூன்றாவது. மூடியின் வாயை நேருக்கு நேர் பார்த்தால் மரை எத்தனை இடத்தில் தொடங்குகிறது என்று எண்ணிவிடலாம். சின்னப் பிள்ளைகளும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனிப் பொருள். ரப்பரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்து வேகவைத்தால் எபொனைட். 1851இல் நெல்சன் குட்இயர் காப்புரிமை வாங்கிய சங்கதி. லேத்தில் உளி பட்டதும் கந்தக வாசனை பட்டறை முழுக்கப் பரவும். இதைக் கடைய உளி கூர்மையாக இருக்க வேண்டும். சூடு ஏறக் கூடாது. துளையிடும்போது அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். கழுத்துக்குள் நிப்பும் நாக்கும் இறங்கும் துளையை நாக்கின் விட்டத்துக்கு மட்டும் செய்தால் இறங்காது. மேலே வளைந்து படுத்திருக்கும் நிப்புத் தகட்டின் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், எழுதும்போது அசையக் கூடாது. கடைசிச் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை உளியால் எடுக்காதீர்கள், உப்புத்தாளால் எடுங்கள்.

இங்கே ஒரு விதியை அழுத்திச் சொல்கிறேன். புதுப் பாகம் பழைய பாகத்தைவிட வலுவாக இருக்கக் கூடாது. லேத் பட்டறைக்காரர்களுக்கு இது கசக்கும். நாங்கள் எதையும் கெட்டியாகச் செய்து பழகியவர்கள். வெடித்த மூடிக்கு உள்ளே பித்தளைக் குழாயை இறுக்கி அடித்த பேனா ஒன்று என்னிடம் வந்தது. எபொனைட் வெயிலுக்கும் குளிருக்கும் பித்தளையைவிட மூன்று மடங்குக்கும் மேலாக விரியும், சுருங்கும். மார்கழிப் பனியில் மூடி சுருங்கியது, பித்தளை வழிவிடவில்லை, மூடி நீளவாக்கில் இன்னும் இரண்டு இடத்தில் வெடித்தது. எபொனைட் பேனாவுக்கு எபொனைட்டில்தான் செய்ய வேண்டும், அதுவும் மரையில் மயிரிழை தளர்வு விட்டு. மை கசியாமல் இருக்கச் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டுப் போதும். நாளைக்கு ஏதாவது தேய வேண்டுமென்றால் நான் செய்தது தேயட்டும். அதை மறுபடி செய்துகொள்ளலாம். பழைய உடம்பை யாராலும் மறுபடி செய்ய முடியாது.

நிறம் பற்றி ஒரு பேச்சு உண்டு. பழைய எபொனைட் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறியிருக்கும். புதுக் கழுத்து கன்னங்கரேலென்று நிற்கும். சிலர் சாயமேற்றிப் பழசாக்கச் சொல்வார்கள். நான் செய்வதில்லை. பழைய கம்பெனி முத்திரையைப் புதுப் பாகத்தில் வெட்டித் தரச் சொன்னாலும் செய்வதில்லை. பழைய பேனாவுக்கு இப்போது விலை இருக்கிறது. விலை இருக்கிற இடத்தில் போலியும் நுழையும். கழுத்தின் உள்பக்கம் ஒரு புள்ளி குத்திவிடுவேன். நாளைக்கு இதைப் பிரிப்பவருக்கு இது பிற்காலத்து வேலை என்று தெரிய வேண்டும். ஆசிரியர் அய்யாவிடம் இதைச் சொன்னபோது, “தெரியட்டும், அதுதான் நியாயம்” என்றார்.

நாக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் வெயிலுக்கும் நாக்குக்கும் நேரடிச் சம்பந்தம். பேனா மை கக்குகிறது என்று சித்திரை, வைகாசியில் அதிகம் பேர் வருவார்கள். உடம்பில் மை குறைந்து 2 மில்லி அளவுக்குக் காற்று இருக்கிறது என்று வையுங்கள். 30 டிகிரியில் இருந்த பேனா கைச்சூட்டில் 37 டிகிரிக்கு ஏறினால் அந்தக் காற்று நூற்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல் விரியும். அதாவது ஏறத்தாழ ஒரு சொட்டு மையை வெளியே தள்ளும். அந்தச் சொட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் நாக்கின் அடியில் வரிவரியாக வெட்டியிருக்கிறது. பழைய எளிய நாக்கில் அந்த வரி குறைவு. புது நாக்கு கடையும்போது நான் இரண்டு மூன்று வரி கூட வெட்டுகிறேன். அசலை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பவர்கள் இதைக் குறை சொல்லலாம். சட்டைப் பையில் மை வடியாத பேனாதான் நாளும் எழுதப்படும் என்பது என் பக்கம். நாக்கு நிப்போடு ஒட்டாமல் விலகி நின்றால் கொதித்து இறக்கிய வெந்நீரில் சில வினாடி காட்டி, துணியால் பிடித்து அழுத்தினால் எபொனைட் இளகி நிப்போடு படிந்துவிடும். நெருப்பைக் காட்டவே கூடாது. செல்லுலாய்டுப் பேனாவாக இருந்தால் பக்கத்தில் தீக்குச்சி உரசுவதுகூட ஆபத்து, பற்றிக்கொள்ளும். நம் தீப்பெட்டி ஊரில் இதை மறக்கக் கூடாது.

மையை ரப்பர் பையில் வைத்திருக்கும் பேனாக்களின் வேலை சுலபம். காய்ந்த பையைச் சுரண்டி எடுத்து, புதுப் பையை அளவாக வெட்டி, அரக்குக் கரைசலால் ஒட்ட வேண்டும். அரக்கு ஏன் என்றால், அடுத்த முறை லேசாகச் சூடு காட்டினால் விட்டுவிடும். சைக்கிள் வால்வு டியூப் மாட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு, நாள்பட நிற்காது. வாசலின் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். 1948க்குப் பிறகு வந்த பார்க்கர் 51இல் இருப்பது ரப்பர் பை இல்லை, பிளாஸ்டிக் பை. எழுபது வருஷம் தாண்டியும் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினாலே எழுதும். அதைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

கூலி பற்றி யாராவது கேட்பீர்கள். ஒரு கழுத்துக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் புதுப் பேனாவே வாங்கலாம் என்பது உண்மை. அப்பா கையெழுத்துப் போட்ட பேனா என்று கொண்டுவருகிறவரிடம் அந்தக் கணக்கு செல்லாது. அப்படிப்பட்டவர்கள் இருக்கும் வரை இந்த வேலை இருக்கும்.

பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் படிக்கிற தம்பிமார் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது ஒன்று. எந்தப் பேனாவைத் தொட்டாலும் அதன் அளவைக் குறித்து வையுங்கள்: கழுத்தின் விட்டம், அங்குலத்துக்கு எத்தனை மரை, எத்தனை ஸ்டார்ட், நாக்கின் விட்டம், நிப்பின் நீளம். ஒரு பக்க நோட்டுப் போதும். அளவு அப்படியே ஒத்து வராது என்றாலும், அதே கம்பெனியின் அடுத்த பேனா வரும்போது எங்கே தொடங்குவது என்று அது சொல்லும். முந்தின தலைமுறை ரிப்பேர்க்காரர்கள் எல்லா அளவையும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். அவர்களோடு அது போய்விட்டது.

வீட்டில் பழைய பேனா வைத்திருப்பவர்களுக்கு: உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு துணுக்கு மரை இருந்தால்கூட அளவெடுத்துவிடலாம். பசை போடாதீர்கள். காய்ந்த மையைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள், வெந்நீர் வேண்டாம். எபொனைட் நிறம் மாறிப்போகும். இன்றைக்குக் கொஞ்சம் சாமான் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று ஸ்டார்ட் மரை வெட்டிய மூடி ஒன்று, சிலிக்கான் அச்சு, பூதக்கண்ணாடி, சாத்தூர் நிப்புகள் சில எல்லாம் அந்த ஓரத்து மேசையில் இருக்கின்றன. பேனா கொண்டுவந்தவர்கள் அங்கே வாருங்கள், பார்த்துவிடலாம்.